பாடநூல் படத்தில் இல்லாத அடைப்பான்

பள்ளியில் இயற்பியல் படித்த எவருக்கும் ஒரு படம் நினைவிருக்கும். யு வடிவக் குழாய் ஒன்று. அதன் ஒரு புயம் குறுகியது, மறுபுயம் அகன்றது. குறுகிய புயத்தின் உந்துதண்டின்மேல் ஒரு சிறு எடை. அகன்ற புயத்தின்மேல் ஒரு மோட்டார் கார். சில நூல்களில் யானை. அடியில், ‘மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மேல் செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும்’ என்ற பொருளில் பாஸ்கல் விதி. அதற்கும் கீழே, திரவங்களை அமுக்க இயலாது என்ற ஒரு வரி. இந்தப் படத்தை நான் ஒன்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். யானையைச் சுமாராகவும் வரைவேன்.

இக்கட்டுரை அந்தப் படத்தைப் பற்றிய ஒரு விமர்சனம். விதியின் மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. விதியைக் காட்டப் பயன்படும் படமும், அதன் கீழே உள்ள அந்த ஒரு வரியும் மாணவனின் மனத்தில் எதைப் பதிக்கின்றன, எதை மறைக்கின்றன என்பதே கேள்வி. இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் தோன்றவில்லை. ஒரு கலப்பையின் முன்னால் தோன்றியது.

சென்ற கோடை விடுமுறையில் திருமங்கலத்தை அடுத்த ஒரு கரிசல் கிராமத்தில் என் அக்காள் வீட்டில் இருந்தேன். கோடை உழவு நடந்து கொண்டிருந்தது. அத்தானிடம் ஒரு ரிவர்சிபிள் கலப்பை உண்டு. சாலின் முடிவில் டிராக்டரைத் திருப்பியதும், கொழுக்கள் இடமிருந்து வலமாகப் புரண்டு மண்ணை ஒரே பக்கமாகத் தள்ளும். இப்படிப் புரட்டுவதற்குக் கலப்பையிலேயே ஒரு சிறு ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு கறுப்பு ஹோஸ்கள் வந்து, டிராக்டரின் பின்புறம் உள்ள கப்ளர்களில் செருகிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டக்காரர் இரவல் வாங்கிய கலப்பையைக் கருக்கலில் கொண்டு வந்து, களத்தில் கழற்றி விட்டுப் போயிருந்தார். பகல் இரண்டு மணிக்கு அதை மாட்ட முயன்றார்கள். ஒரு ஹோஸ் சேர்ந்தது. மற்றது சேரவில்லை.

டிரைவர் இரு கைகளாலும் அழுத்திப் பார்த்தார். அக்காள் மகன் அழுத்தினான். பிளஸ் ஒன் படிக்கிறான், கைகளில் நல்ல வலு. முனை உள்ளே போக மறுத்தது. “உள்ளே பிரஷர் நிக்குது” என்றார் டிரைவர். நான் சும்மா இருந்திருக்கலாம். “எஞ்சினே ஓடவில்லையே, கலப்பை தனியாகத்தானே கிடக்கிறது, பிரஷர் எங்கிருந்து வரும்? தூசு அடைத்திருக்கும், துடைத்துப் பாருங்கள்” என்றேன். துடைத்தார்கள். பயனில்லை. டிரைவர் ஹோஸின் முனையைக் கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். ‘சிர்’ரென்று புகை போல எண்ணெய் சீறி அவர் சட்டையில் படிந்தது. கண்மூடித் திறப்பதற்குள் ஓய்ந்துவிட்டது. மொத்தமாகச் சிந்தியது ஒரு தேக்கரண்டிகூட இராது. அதன்பின் முனை விரலால் தள்ளியதும் போய்ச் சேர்ந்தது.

“மாமா, திரவத்தை அமுக்க முடியாதுன்னு புக்குல போட்டிருக்கு. அப்போ இதுக்குள்ள அமுங்கியிருந்தது எது?” என்று கேட்டான் பையன்.

நியாயமான கேள்வி. நான் சொன்னதும் நூல் சொன்னதும் ஒன்றேதான். இரண்டும் அன்று களத்தில் தோற்றுப்போயின.

முதலில் படத்தைப் பார்ப்போம். அதில் கையை எடுத்தால் அழுத்தம் போய்விடும். எடையைத் தூக்கிவிட்டால் யானை இறங்கிவிடும். அழுத்தம் இருக்கிறதென்றால் யாரோ அந்தக் கணத்தில் அழுத்திக் கொண்டிருக்கிறார்கள் என்பதே அந்தப் படம் தரும் பாடம். ஏனெனில் அந்தக் குழாயில் அடைப்பான் எதுவும் இல்லை. இரு புயங்களுக்கும் நடுவே ஓர் அடைப்பானை வரைந்து, எடை மேலே இருக்கும்போதே அதை மூடிவிட்டு, பிறகு எடையை எடுத்துப் பாருங்கள். யானை மேலேயே நிற்கும். அகன்ற புயத்தில் அழுத்தம் அப்படியே இருக்கும். அழுத்துபவர் எவரும் இல்லாமலேயே அழுத்தம் குடியிருக்கும்.

இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பைக் கழற்றியதும் டியூப் சூம்பிப் போவதில்லை; வால்வு காத்துக்கொள்கிறது. ஆனால் காற்று அமுங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் அது வியப்பாகத் தோன்றுவதில்லை. திரவம் அமுங்காது என்று கற்பித்துவிட்டதால், அடைபட்ட திரவத்தில் அழுத்தம் தங்கும் என்று மாணவன் எதிர்பார்ப்பதே இல்லை. படத்தின் குறையை அந்த ஒரு வரி இரட்டிப்பாக்கிவிடுகிறது.

அந்த வரிக்கு நீண்ட வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இயங்கிய சிமென்டோ கழகத்தார், மெல்லிய வெள்ளிக் கோளத்தில் நீரை நிரப்பி மூடிச் சுத்தியால் அடித்தார்கள். நீர் சுருங்கவில்லை, கோளத்தின் நுண்துளைகள் வழியே வியர்வை போலக் கசிந்தது. அச்சோதனையை 1667இல் நூலாக வெளியிட்டார்கள். நீர் அமுங்காது என்ற முடிவு ஏறத்தாழ நூறாண்டு நிலைத்தது. 1762இல் ஜான் கேன்டன் என்ற ஆங்கிலப் பள்ளியாசிரியர், கண்ணாடிக் குமிழும் நுண்குழாயும் கொண்டு, நீர் அமுங்கத்தான் செய்கிறது என்று காட்டினார். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 46 பங்கு. இன்றைய அளவீடும் இதையொட்டியதே. ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. நம் பாடநூல்கள் இவ்விஷயத்தில் கேன்டன் வரை வரவில்லை, பிளாரன்சிலேயே நிற்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே நூல்களில் மீட்சியியல் பாடத்தில் பருமக் குணகத்தின் அட்டவணை இருக்கிறது, அதில் நீருக்கும் ஓர் எண் இருக்கிறது. பாஸ்கல் ஒரு பாடம், மீட்சியியல் மற்றொரு பாடம். இரண்டையும் ஒரே பையன் படிக்கிறான் என்பதைத்தான் மறந்துவிட்டார்கள்.

பாடநூலார் சார்பில் ஒன்று சொல்லியாக வேண்டும். நீரியல் அழுத்தியில் விசை எத்தனை மடங்கு பெருகும் என்று கணக்கிட, திரவம் அமுங்காது எனக் கொள்வதால் தவறேதும் நேராது. 1795இல் ஜோசப் பிராமா அழுத்திக்குக் காப்புரிமை பெற்றபோது அவரைத் தொல்லைப்படுத்தியது திரவத்தின் சுருக்கம் அல்ல, உந்துதண்டின் ஓரத்தில் ஏற்பட்ட கசிவு. ஆக, ஒரு கணக்குக்குச் சரியான தோராயம் அது. தோராயம் என்று சொல்லாமல் இயற்கை உண்மை என்று அச்சிட்டதில்தான் குற்றம்.

இனிக் கலப்பைக்கு வருவோம். டிராக்டர்களில் பயன்படும் கனிம எண்ணெயின் பருமக் குணகம் ஏறத்தாழ ஒரு சதுர செ.மீ.க்கு 15,000 கிலோ கிராம். அதாவது 150 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அரை அங்குல உட்துளையும் 2 மீட்டர் நீளமும் உள்ள ஹோஸில் ஏறத்தாழ 250 மி.லி. எண்ணெய் இருக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு 2.5 மி.லி., அரைத் தேக்கரண்டி. இவ்வளவுதான் அமுங்கியிருப்பது. சிலிண்டரில் உள்ள எண்ணெயையும் சேர்த்தால் இன்னும் சில மி.லி. கூடும். டிரைவரின் சட்டையில் படிந்தது இதுவேதான்.

திரவம் மிகச் சிறிதே அமுங்கும் என்பதன் உண்மையான பொருள் இங்கேதான் விளங்குகிறது. அரைத் தேக்கரண்டி கூடினால் 150 கிலோ ஏறிவிடும். அதுவே குறைந்தால் முழுதும் இறங்கிவிடும். அமுங்காது என்றால் அழுத்தம் தங்காது என்று நினைத்தேன். சிறிதே அமுங்குவதால்தான் அழுத்தம் இவ்வளவு எளிதாக ஏறுகிறது.

சரி, ஏற்றியது யார்? எஞ்சின் ஓடவில்லை என்று நான் சொன்னது உண்மைதான். ஏற்றியது சூரியன். இவ்வகை எண்ணெய் ஒரு டிகிரி வெப்பத்துக்குப் பத்தாயிரத்தில் ஏறத்தாழ 7 பங்கு விரிவடையும். விரிய இடமில்லாமல் அடைத்து வைத்தால், அந்த விரிவைத் தடுக்கும் அழுத்தம் 15,000 பெருக்கல் 0.0007, அதாவது டிகிரிக்கு 10 கிலோவுக்குச் சற்று மேல். கருக்கலில் கழற்றிய கலப்பை பகல் இரண்டு மணிக்குள் 20 டிகிரி சூடேறியிருந்தால் 200 கிலோ. கறுப்பு ரப்பர் வெயிலில் எப்படிச் சுடும் என்பது தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இது உச்ச வரம்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் ஹோஸ் சிறிது உப்பி இடம் கொடுக்கும். எண்ணெயில் காற்றுக் குமிழிகள் இருந்தால் அவையும் சுருங்கி இடம் கொடுக்கும். பாதியாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம், 100 கிலோ.

முனை ஏன் உள்ளே போகவில்லை என்பதற்கு இந்த 100 போதும். கப்ளரின் இரு பாதிகளிலும் ஸ்பிரிங் தாங்கிய சிறு அடைப்பான் ஒவ்வொன்று உண்டு. கழற்றியதும் இரண்டும் தாமே மூடிக்கொள்ளும். எண்ணெய் சிந்தாது, தூசு புகாது. மாட்டும்போது ஒன்றின் மூக்கு மற்றதன் மூக்கை உட்புறமாகத் தள்ளித் திறக்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருந்தால் அது அடைப்பானை வெளிப்புறமாக, அதன் இருக்கையோடு சேர்த்து அழுத்தும். அடைப்பானின் பரப்பு 1.25 சதுர செ.மீ. என்றால் அதன்மேல் விசை 125 கிலோ. இரண்டரை சிமெண்டு மூட்டைகளின் எடையை இரு கைகளால் கிடைவாக்கில் தள்ளிப் பிடிக்க வேண்டும். பிளஸ் ஒன் பையனால் மட்டுமல்ல, எவராலும் ஆகாது. அழுத்தம் கூடக் கூட இறுக்கம் கூடும் இந்த ஏற்பாடு பிராமாவின் அழுத்தியிலேயே தொடங்கிவிட்டது. அவர் பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லி செய்ததாகக் கூறப்படும் தோல் வளையம், நீர் அழுத்த அழுத்தத் தானே விரிந்து கசிவை அடைத்தது. அழுத்தியைப் பயன்படத்தக்கதாக ஆக்கியதும் அதுவே, டிரைவரைக் கல்லைத் தேட வைத்ததும் அதே தத்துவமே.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது பகலின் வெப்பநிலை மட்டும் அல்ல. கழற்றிய வேளையின் வெப்பநிலைக்கும் மாட்டும் வேளையின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு. உழுது முடித்து எண்ணெய் சூடாக இருக்கும்போதே, அழுத்தத்தை நீக்கிவிட்டுக் கழற்றினால் மறுநாள் காலையில் எண்ணெய் குளிர்ந்து சுருங்கியிருக்கும். முனை மறுப்புச் சொல்லாது. குளிர்ந்த வேளையில் கழற்றி வெயிலில் போட்டால் தொல்லை நிச்சயம். முறைப்படி கழற்றினாலும் கூடச் சில நாள் மாட்ட முடியாமல் போவது இதனால்தான். கலப்பையை நிழலில் நிறுத்துவதும், ஹோஸின்மேலும் சிலிண்டரின்மேலும் ஈரச் சாக்கைப் போட்டுக் காத்திருப்பதும் இயற்பியல் ஒப்புக்கொள்ளும் வைத்தியங்கள்.

முறைப்படி கழற்றுவது எப்படி? இங்கே எனக்கு அடுத்த குறை, உழவுக் கருவிகளோடு வரும் கையேடுகளின் மேல். நான் பார்த்த சிலவற்றில் ‘கழற்றுமுன் அழுத்தத்தை நீக்கவும்’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில். எந்த அழுத்தம், எங்கே நிற்கிறது, ஏன் நீக்க வேண்டும் என்பது இல்லை. காரணம் சொல்லாத கட்டளையை அவசரத்தில் எவரும் பின்பற்ற மாட்டார்கள். செய்ய வேண்டியது இதுதான். கருவியைத் தரையில் முழுதாக இறக்கி, எதையும் தாங்காத நிலையில் வைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்த வேண்டும். பிறகு, அந்த ஹோஸ்களுக்குரிய லிவரை முன்னும் பின்னுமாகச் சிலமுறை முழுதாக அசைக்க வேண்டும். மிதவை நிலை உள்ள டிராக்டரானால் அதில் வைக்க வேண்டும். அப்போது ஹோஸ்கள் இரண்டும் எண்ணெய்த் தொட்டியோடு தொடர்பு பெறுகின்றன. அந்த அரைத் தேக்கரண்டி தொட்டிக்குப் போய்விடுகிறது. மின்சார வால்வு உள்ள டிராக்டர்களில், எஞ்சின் நின்றிருந்தாலும் சாவியைத் திருப்பி மின்னிணைப்பில் வைத்தால்தான் லிவர் வேலை செய்யும். அதன்பின் கழற்றலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இதைக் கழற்றுமுன் செய்தாக வேண்டும் என்பது. கழற்றியபின் லிவரை எத்தனை முறை ஆட்டினாலும் டிராக்டர்ப் பக்கத்து அழுத்தம்தான் இறங்கும். கலப்பைப் பக்கம் தன் அடைப்பானுக்குப் பின்னால் தனி உலகம். அன்று டிரைவர் லிவரையும் ஆட்டித்தான் பார்த்தார். எனக்கு அப்போது அதன் பொருள் தெரியவில்லை. உள்ளே அழுத்தம் இருந்தாலும் இணையும்படி, முதலில் ஒரு சிறு அடைப்பான் திறந்து எண்ணெயைச் சிறிது விட்டபின் பெரியது திறக்கும் கப்ளர்களும் செய்யப்படுகின்றன. பழைய கருவிகளில் அவை இருப்பதில்லை.

கல்லால் தட்டுவதைப் பற்றி. அதைக் கிராமத்துச் சாமர்த்தியம் என்று புகழ நான் தயாராக இல்லை. அடைப்பானின் மூக்கு நசுங்கினால் அது பிறகு ஒழுங்காக மூடாது என்பது சிறிய நட்டம். பெரியது வேறு. 250 மி.லி. எண்ணெயில் 150 கிலோ அழுத்தத்தில் அடைபட்ட ஆற்றல் ஏறத்தாழ 19 ஜூல். ஒரு கிலோ கல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல்தான் அது. அதே அழுத்தத்தில் அதே பருமன் காற்றாக இருந்தால் பல நூறு மடங்கு ஆற்றல் இருக்கும். ஹோஸ் குண்டு போல் வெடிக்கும். ஆகவே எண்ணெய் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 19 ஜூல் ஓர் ஊசித்துளை வழியாக வெளிவரும்போது நிலைமை மாறிவிடுகிறது. மெல்லிய தாரையாக வரும் எண்ணெய் தோலைத் துளைக்க ஏறத்தாழ 7 கிலோ அழுத்தமே போதும் என்பது மருத்துவர்கள் கூறும் கணக்கு. டீசல் எஞ்சினின் எரிபொருள் தாரை ஒருவரின் சதைக்குள் புகுந்த நிகழ்ச்சி 1937இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. காயம் முள் குத்தியது போலத்தான் தெரியும். முதலில் வலியும் அதிகம் இராது. எண்ணெய் தசைநார்களின் உறை வழியே உள்ளே ஓடியிருக்கும். சில மணி நேரத்தில் கை வீங்கும். அறுவை மூலம் உடனே சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரிடும். ஆகவே இப்படி ஒரு குத்து ஏற்பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பது கூடாது. அப்போதே மருத்துவமனைக்குப் போய், ஊசி போல எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹோஸில் கசிவைத் தேட விரலால் தடவுவதும் இதே காரணத்தால் ஆபத்து. ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். துணியைச் சுற்றிக்கொண்டு நட்டைத் தளர்த்துபவர்களும் இருக்கிறார்கள். தோலைத் துளைப்பதற்குத் துணி தடையாகாது.

வெயில் அடைத்த அழுத்தமும், பாரம் தாங்கும் அழுத்தமும் ஒன்றல்ல என்பதையும் நூல்கள் பிரித்துச் சொல்ல வேண்டும். முன்னது சில துளிகள் வெளிவந்ததும் செத்துப்போகும். பின்னது அப்படி அல்ல. டிப்பர் டிரெய்லரின் பெட்டி தூக்கிய நிலையில் இருக்கும்போது அதன் சிலிண்டரில் இருப்பது பெட்டியின் எடை தரும் அழுத்தம். அங்கே ஹோஸைக் கழற்றினாலோ தளர்த்தினாலோ துளிகளோடு நிற்காது. பெட்டி தரைக்கு வரும்வரை எண்ணெய் வந்துகொண்டே இருக்கும். ஒரு டன் பெட்டி ஒரு மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10,000 ஜூல். யானைப் படத்தில் அடைப்பானை மூடி, பிறகு அடைப்பானுக்கு அப்பால் குழாயை உடைத்தால் நடப்பது இதுதான், யானைக்கு அடியில் ஒருவர் குனிந்து நிற்கிறார் என்ற ஒரு வேறுபாட்டுடன். தூக்கிய பெட்டிக்கு இரும்பு முட்டு கொடுக்காமல் அடியில் போகக் கூடாது.

ஹாரி பெர்குசன் ஹைட்ராலிக் தூக்கியை டிராக்டரின் உறுப்பாகவே ஆக்கிய வண்டி 1936இல் விற்பனைக்கு வந்தது. நம் சாலைகளில் ஓடும் மாஸி பெர்குசன் வண்டியின் பெயரில் பாதி அவருடையது. இன்று நம் மாணவர்களில் பலர் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் இத்தகைய வண்டி நிற்கிறது. யானை எவர் வீட்டிலும் இல்லை. பாஸ்கல் விதிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் எதைத் தேர்வது என்பதில் பாடநூலாருக்குக் குழப்பம் இருக்க வேண்டியதில்லை.

இவ்வாண்டு என் வகுப்பில் பழைய பயிற்சிக் கணக்கை நீக்கிவிட்டு, வேறொன்றைக் கொடுத்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். ‘ஒரு கருவியின் ஹோஸிலும் சிலிண்டரிலுமாக 600 மி.லி. எண்ணெய் உள்ளது. காலை 26 டிகிரியில் அழுத்தமின்றிக் கழற்றப்பட்டது. பகலில் எண்ணெய் 44 டிகிரிக்கு ஏறியது. ஹோஸ் உப்பாது எனக் கொண்டு (அ) அழுத்தம் எவ்வளவு? (ஆ) 1.25 சதுர செ.மீ. அடைப்பானின்மேல் விசை எவ்வளவு? (இ) அழுத்தத்தை முழுதும் நீக்க எத்தனை மி.லி. வெளியேற வேண்டும்? (ஈ) அதை வெளியேற்றும்போது உங்கள் கை எங்கே இருக்கும்?’

முதல் மூன்றுக்கும் பெரும்பாலோர் சரியாக விடை எழுதினார்கள்: 189 கிலோ, 236 கிலோ, 7.6 மி.லி. நான்காவதற்கு எப்படி மதிப்பெண் போடுவீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். அக்காள் மகனிடம் அதே கணக்கைக் கொடுத்தபோது அவன் (இ) வரை போட்டுவிட்டு, (ஈ)க்கு எதிரே ‘லிவரின் மேல்’ என்று எழுதியிருந்தான். அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.